நாலு பேர், ஒரு ஞாயிறு, 500 ரூபாய்: சென்னையில் குழந்தைகளை எங்கே கூட்டிட்டுப் போவது?

சனிக்கிழமை ராத்திரி ஆனாலே சென்னையில் பல வீடுகளில் ஒரே கேள்விதான். "நாளைக்கு எங்க போறோம்?" கேட்பது ஆறு வயசு பாப்பாவாக இருக்கும். பதில் சொல்ல வேண்டிய அப்பாவும் அம்மாவும் போனை எடுத்துத் தேடுவார்கள். கடைசியில் வண்டி மாலுக்குத்தான் போகும். ஏசி இருக்கு, பாத்ரூம் இருக்கு, உட்கார இடம் இருக்கு. ஆனால் உள்ளே போய் இரண்டு மணி நேரத்தில் விளையாட்டுக் கூடம், பாப்கார்ன், சாப்பாடு, பார்க்கிங் என்று பர்ஸ் காலி. மாதச் சம்பளத்தில் வாடகையும் ஸ்கூல் பீஸும் போக மிச்சத்தை எண்ணும் குடும்பம் இதை மாதம் நாலு முறை செய்ய முடியாது.

அப்படியானால் திறந்த வெளியில், குறைந்த செலவில், குழந்தைகளோடு போய் வர இந்த ஊரில் இடமே இல்லையா? இருக்கிறது, நிறையவே. ஆனால் அந்த இடங்கள் எல்லாருக்கும் ஒரே தூரத்தில் இல்லை. எல்லாருக்கும் ஒரே செலவிலும் இல்லை. எங்கே போகலாம் என்ற பட்டியலோடு, இந்த வித்தியாசம் ஏன் வந்தது என்பதையும் சேர்த்துப் பார்ப்போம்.

டிக்கெட் விலை மட்டும் செலவு இல்லை

பூங்கா மலிவா, இல்லையா என்பதை நுழைவுச் சீட்டை வைத்து முடிவு செய்வதுதான் வழக்கம். குடும்பத்தின் கணக்கு வேறு. போக வர ஆகும் பணம், உள்ளே நுழையும் பணம், சாப்பாட்டுப் பணம், உள்ளே போன பிறகு "அப்பா, அது வேணும்" என்று குழந்தை கை நீட்டும் ஒவ்வொன்றுக்கும் ஆகும் பணம். இந்த நாலும் சேர்ந்ததுதான் உண்மையான விலை.

ஓர் உதாரணம். கதீட்ரல் சாலையில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது. சுமார் 6 ஏக்கர். ஜிப்லைன், பறவையகம், கண்ணாடி மாளிகை, இசை நீரூற்று என்று குழந்தைகள் குதிக்கும் எல்லாமே உள்ளே இருக்கிறது. திறந்தபோது அறிவித்த கட்டணம்: நுழைய பெரியவருக்கு 100 ரூபாய், சிறியவருக்கு 50. பறவையகத்துக்குத் தனியாக 150, 75. ஜிப்லைன் சிறியவருக்கு 200.

அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். நுழைவு மட்டும் 300 ரூபாய். நாலு பேரும் பறவைகளைப் பார்த்தால் 450. பிள்ளைகள் இருவரும் ஒரு முறை ஜிப்லைனில் போனால் 400. மொத்தம் 1,150. இன்னும் பஸ்ஸோ ஆட்டோவோ, ஒரு ஐஸ்கிரீமோ கணக்கில் வரவில்லை. அரசுப் பூங்காதான், தனியார் தீம் பார்க் இல்லை.

அதே சாலையில் எதிரே செம்மொழிப் பூங்கா. பழைய டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் ஓட்டல் இருந்த இடம், சுமார் 20 ஏக்கர். 2010 நவம்பரில் திறந்தார்கள். பெரியவருக்கான கட்டணம் நீண்ட காலம் 15 ரூபாயாகவே இருந்தது. ஜிப்லைன் கிடையாது. மரம், குளம், புல்வெளி, நடக்க வழி. அவ்வளவுதான். நாலு வயசுக் குழந்தைக்கு அதுவே ஒரு முழு மாலைக்குப் போதும்.

சாலையின் இரண்டு பக்கமும் அரசு இடம்தான். ஒன்று ஆண்டுக்கு ஒரு முறை போகும் இடம், இன்னொன்று மாதத்துக்கு இரண்டு முறை போகும் இடம். நகரத்துக்கு இரண்டும் வேண்டும். ஆனால் புதிதாகக் கட்டுவதெல்லாம் முதல் வகையாகவே இருந்தால், இரண்டாவது வகைக்கு யார் பொறுப்பு?

முதல் மிச்சம் பஸ்ஸில்தான்

செலவைக் குறைக்கும் முதல் வழி போக்குவரத்து. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. சென்னையில் முன்பக்கம் பிங்க் பெயிண்ட் அடித்து வருவதும் இந்த வகைதான். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கும் டிக்கெட் வேண்டாம். ஐந்திலிருந்து 12 வரை அரை டிக்கெட்.

அதாவது அம்மா, எட்டு வயசுப் பெண், நாலு வயசுப் பையன், அப்பா நாலு பேரும் சாதாரண பஸ்ஸில் ஏறினால், அப்பாவுக்கு மட்டும்தான் டிக்கெட். குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். எக்ஸ்பிரஸ், டீலக்ஸ் பஸ்ஸில் இந்தச் சலுகை கிடையாது. அதனால் போர்டைப் பார்த்து ஏற வேண்டும்.

மின்சார ரயிலிலும் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய்தான். குறிப்பாகக் கடற்கரை முதல் வேளச்சேரி வரை போகும் பறக்கும் ரயில். இதை ஆபீஸ் ரயிலாக மட்டும் பார்க்கிறோம். ஸ்டேஷன் பெயர்களை வரிசையாகப் படித்தாலே அது குழந்தைகளுக்கான ரயில் என்று புரியும். சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் எதில் இறங்கினாலும் மெரினா நடக்கும் தூரம். கோட்டூர்புரத்தில் இறங்கினால் அண்ணா நூற்றாண்டு நூலகமும் பிர்லா கோளரங்கமும். திருவான்மியூரில் இறங்கி ஒரு பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்தால் இன்னொரு கடற்கரை. தூண்கள் மேல் ஓடும் ரயிலில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் அதுவே பாதி பிக்னிக்.

பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட் எடுக்க 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' ஆப் வந்திருக்கிறது. மாறி மாறிப் போகும் குடும்பத்துக்கு இது உதவும். கைக்குழந்தையோடு கவுன்ட்டரில் வரிசையில் நிற்க வேண்டாம்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மின்சார ரயில்கள் ஞாயிறு அட்டவணைப்படி குறைவாக ஓடும். வேலைக்குப் போகிறவர்களை மட்டும் மனதில் வைத்துப் போட்ட அட்டவணை அது. குடும்பங்கள் வெளியே கிளம்பும் ஒரே நாளில் ரயிலுக்கு அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கிளம்பும் முன் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

எங்கே போகலாம்?

எல்லா இடத்தையும் ஒரே நாளில் பார்க்க வேண்டியதில்லை. குழந்தையின் வயசையும் நேரத்தையும் வைத்துத் தேர்ந்தெடுக்கலாம்.

சின்னக் குழந்தைகளுக்கு, இரண்டு மணி நேரம்: பக்கத்து மாநகராட்சிப் பூங்காவே போதும். சென்னை மாநகராட்சியிடம் 700-க்கும் மேற்பட்ட பூங்காக்கள் இருக்கின்றன. நுழைய காசு கிடையாது. மயிலாப்பூர் லஸ் பகுதியில் நாகேஸ்வரராவ் பூங்கா, தி.நகரில் பனகல் பூங்கா, நடேசன் பூங்கா போன்றவை பழைய மரங்களும் நிழலும் உள்ள இடங்கள். மூன்று வயசுக் குழந்தைக்கு ஊஞ்சலும் மணலும் எறும்புப் புற்றும் போதும். அதற்காக நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டாம்.

ஆறு வயதுக்கு மேல், அரை நாள்: அண்ணா நகர் டவர் பூங்கா. 1968-இல் நடந்த உலக வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டிய கோபுரம் இது. பல ஆண்டுகள் மேலே போக அனுமதி இல்லாமல் இருந்து, 2023-இல் மறுபடி திறந்தார்கள். சுற்றிச் சுற்றி ஏறி மேலே போனால் ஊர் தெரியும். "நம்ம வீடு எங்க இருக்கு?" என்று பிள்ளைகள் தேடுவார்கள். 'அண்ணா நகர் டவர்' என்ற பெயரிலேயே மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது. பூங்காவுக்குள் நுழைய கட்டணம் இல்லை.

விலங்கு பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு: கிண்டி சிறுவர் பூங்கா. பக்கத்திலேயே கிண்டி தேசியப் பூங்கா. சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான், நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. மான் கூட்டம் திரியும் காடு ஒரு பெருநகரத்தின் நடுவில் இருப்பது அபூர்வம். சிறுவர் பூங்காவை 2024-இல் புதுப்பித்துத் திறந்தார்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் செவ்வாய்தான் விடுமுறை. வண்டலூர் 602 ஹெக்டேர், முழு நாள் வேண்டும். மின்சார ரயிலில் வண்டலூர் ஸ்டேஷன் வரை போய்விடலாம். ஆனால் பெரியவருக்கு 200 ரூபாய் டிக்கெட் என்பதால் 500 ரூபாய் பட்ஜெட்டில் பெரும்பகுதி வாசலிலேயே போய்விடும். ஆண்டுக்கு ஒரு முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீரும் படகும்: சேத்துப்பட்டு பசுமைப் பூங்கா. சேத்துப்பட்டு ஸ்டேஷன் பக்கத்திலேயே ஏரி. நடந்து சுற்ற ஒரு கட்டணம், படகுக்குத் தனி. படகு வேண்டுமா, நடந்தால் போதுமா என்பதை வாசலுக்குப் போகும் முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். அங்கே போய் முடிவெடுத்தால் ஜெயிப்பது குழந்தைதான்.

ரயில் பைத்தியம் பிடித்த பிள்ளைகளுக்கு: ஐ.சி.எஃப். பகுதியில் 2002-இல் தொடங்கிய ரயில் அருங்காட்சியகம். திறந்த வெளியில் பழைய இன்ஜின்கள், பெட்டிகள். சின்னக் குழந்தைகளுக்குப் பொம்மை ரயிலும் உண்டு. பெரம்பூர், வில்லிவாக்கம், அயனாவரம் பக்கம் இருப்பவர்களுக்குக் கைக்கு எட்டும் இடம்.

வெயில் நேரத்துக்கு: காலையில் பூங்கா, மதியம் கூரை உள்ள இடம், சாயங்காலம் கடற்கரை என்று பிரித்துக்கொண்டால் ஏப்ரல், மே மாதத்தையும் சமாளிக்கலாம். மதியத்துக்கு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவு நல்ல இடம். காசு கிடையாது, தரையில் உட்கார்ந்து படிக்கலாம். எழும்பூர் அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை. கட்டணம் குறைவு.

எங்கே போனாலும் வீட்டுச் சாப்பாடு மிகப் பெரிய மிச்சம். புளிசாதமோ தயிர்சாதமோ ஒரு டப்பா, இரண்டு பாட்டில் தண்ணீர், பிஸ்கட், ஒரு பழைய பெட்ஷீட். சாப்பாட்டை உள்ளே அனுமதிக்காத பூங்காக்கள் சில உண்டு. அங்கே வெளியிலேயே சாப்பிட்டுவிட்டு நுழைய வேண்டியதுதான். பேப்பர் தட்டையும் கவரையும் திரும்ப எடுத்து வருவது நம் வேலை.

கடற்கரை இலவசம், ஆனால் தண்ணீரில் இறங்காதீர்கள்

சென்னையில் டிக்கெட்டே இல்லாத மிகப் பெரிய பொழுதுபோக்கு இடம் மெரினா. பணக்காரர், ஏழை எல்லாரும் ஒரே மணலில் உட்காரும் இடம். சுண்டல், மாங்காய், பஜ்ஜி, சோளம், பட்டம். இருநூறு ரூபாய் இருந்தால் குடும்பமே திருவிழா கொண்டாடலாம்.

ஆனால் அலையில் குளிப்பது வேறு விஷயம். மெரினாவில் கரை சட்டென்று ஆழமாகும். திரும்பும் அலை காலுக்கு அடியில் மணலை இழுக்கும். முழங்கால் தண்ணீர்தானே என்று நின்ற பெரியவர்களே இழுக்கப்பட்டிருக்கிறார்கள். குளிக்கத் தடை என்று போலீஸ் மைக்கில் சொல்வது சும்மா இல்லை. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஈர மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூட்டம் அதிகமான நாட்களில், காணும் பொங்கல் போன்ற நாளில், குழந்தையின் சட்டைப் பையில் போன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்று போட்டுவிடுங்கள்.

மணலில் வீல்சேர் ஓடாது. இதற்காக மெரினாவில் கடல் பக்கம் வரை போகும் மரப்பாதை ஒன்றை 2022 நவம்பரில் திறந்தார்கள். சில நாட்களிலேயே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. பிறகு சரிசெய்தார்கள். மாற்றுத்திறனாளிக் குழந்தை உள்ள வீடுகளுக்கும், "நான் எதுக்குப்பா, நீங்க போயிட்டு வாங்க" என்று வீட்டிலேயே தங்கிவிடும் தாத்தா பாட்டிக்கும் இந்தப் பாதை பெரிய விஷயம். ஒவ்வொரு பெரிய பூங்காவும் இந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்: வீல்சேரும் குழந்தை வண்டியும் வாசலைத் தாண்டுமா?

தென்சென்னைக்கு மணல், வடசென்னைக்குக் கல்

மேலே உள்ள பட்டியலை மறுபடி பாருங்கள். கிண்டி, கோட்டூர்புரம், கதீட்ரல் சாலை, மயிலாப்பூர், தி.நகர். பெரும்பாலானவை நகரத்தின் தெற்குப் பாதியில். வியாசர்பாடியிலோ திருவொற்றியூரிலோ இருக்கும் குடும்பம் இவற்றுக்கு வர பாதி நாள் பயணம் செய்ய வேண்டும். பெரம்பூரில் ஏறி பெசன்ட் நகர் வரை போகும் 29சி பஸ் ஊருக்கே தெரிந்த ரூட். அந்த நீளமான ரூட்டின் ஒரு முனையில் நெருக்கமான தெருக்கள், மறுமுனையில் கடற்கரை.

"அவங்களுக்கும் கடல் பக்கத்துலதானே இருக்கு?" என்று தோன்றலாம். இங்கேதான் ஒரு பழைய கதை. நம் கரையில் கடல் நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டு போகும். 1870-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டத் தொடங்கினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் அந்தச் சுவரில் தடுக்கப்பட்டுத் தெற்கே தேங்கியது. இன்று நாம் நடந்து நடந்து களைக்கும் மெரினாவின் அகல மணல்வெளி அப்படி வளர்ந்ததுதான். வடக்கே ராயபுரம் தொடங்கி மணல் வரத்து நின்றது. கடல் கரையை அரித்தது. வீடுகள் போயின. கடைசியில் கருங்கல்லைக் கொட்டித் தடுத்தார்கள். அதனால்தான் மெரினாவில் குழந்தை மணல் வீடு கட்டுகிறது, எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் கரையின் பல இடங்களில் கற்குவியல்தான் கண்ணில் படுகிறது.

இது யாரும் வேண்டுமென்று செய்த அநியாயம் இல்லை. ஆனால் நகரத்தின் ஒரு பாதிக்கு இலவசமாகக் கிடைத்த விளையாட்டு இடம், மறு பாதி இழந்ததில் வந்தது. புதிய பூங்காவை எங்கே அமைப்பது என்று முடிவெடுக்கும்போது இந்தக் கணக்கு மேசையில் இருக்க வேண்டும்.

ஒரு பூங்கா எப்படிக் காணாமல் போகும்?

சென்ட்ரல் எதிரே உள்ள ஸ்டேஷனுக்கு 'பார்க்' என்று ஏன் பெயர்? அந்தப் பகுதிக்கு ஏன் பார்க் டவுன் என்று பெயர்? அங்கே உண்மையிலேயே ஒரு பெரிய பூங்கா இருந்தது. 1859-இல் மெட்ராஸ் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் காலத்தில் உருவான பீப்பிள்ஸ் பார்க். நூறு ஏக்கருக்கும் மேல். குளங்கள், நடைபாதைகள், மிருகக்காட்சி சாலையும் உண்டு. பெயரே மக்கள் பூங்கா.

அதை ஒரே நாளில் யாரும் அழிக்கவில்லை. முதலில் ஒரு மூலையில் விக்டோரியா ஹால். பிறகு மூர் மார்க்கெட். பிறகு மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை. பிறகு ஸ்டேடியம். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தது. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையக் கட்டடம். அதே 1985-இல் மிருகக்காட்சி சாலை வண்டலூரில் புது இடத்தில் திறக்கப்பட்டது. விலங்குகளுக்கு அது நல்லதுதான், கூண்டு போய் விசாலம் வந்தது. ஆனால் வடசென்னைக் குழந்தைக்கு, நடந்து போய்ப் புலி பார்த்த இடம், டிக்கெட் எடுத்து ரயிலேறிப் போகும் இடமாகிவிட்டது. பழைய பூங்காவின் நினைவாக மிஞ்சியிருப்பது சிறு துண்டான மை லேடீஸ் பூங்காவும், அந்த ஸ்டேஷன் பெயரும்தான்.

"கொஞ்சம் இடம்தானே" என்று எடுத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம்.

உங்கள் ஏரியாவின் பூங்கா எங்கே இருக்கிறது?

புதிய பூங்காவுக்கு நிலம் எங்கிருந்து வரும்? சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் ஓ.எஸ்.ஆர். அதாவது திறந்தவெளி ஒதுக்கீடு. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனைப்பிரிவோ பெரிய கட்டடமோ அனுமதி கேட்டால், சாலை போக மீதியில் 10 சதவீதம் பொதுவான திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டலாம். அதற்கு மேல் போனால் நிலத்தையே உள்ளாட்சியிடம் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

2011-இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. சேர்ந்த பகுதிகளில்தான் இன்று பெரிய அடுக்குமாடிகள் எழுகின்றன. அங்கே குடியேறும் இளம் தம்பதிகள் லிஃப்ட், ஜிம், கார் பார்க்கிங் எல்லாம் விசாரித்துவிட்டு வாங்குகிறார்கள். "இந்த மனைப்பிரிவின் ஓ.எஸ்.ஆர். நிலம் எங்கே?" என்று கேட்பவர்கள் குறைவு. அனுமதி பெற்ற வரைபடத்தில் அது குறிக்கப்பட்டிருக்கும். வரைபடத்தில் பூங்கா என்று இருக்கும் இடம் நேரில் வேலி போட்ட காலி மனையாகவோ, கார் நிறுத்துமிடமாகவோ இருந்தால், அது உங்கள் தெருக் குழந்தைகளுக்குச் சேர வேண்டிய விளையாட்டு இடம்.

செய்ய வேண்டியது என்ன?

பெரிய திட்டமெல்லாம் கூட வேண்டாம். இருக்கும் பூங்காக்களை வைத்தே நாலு காரியம் செய்யலாம்.

முதலாவது, பூட்டு. காலை நடைப்பயிற்சி முடிந்ததும் கேட்டை மூடி, சாயங்காலம் திறக்கும் பழக்கம் நம் ஊர்ப் பூங்காக்களில் நெடுநாள் வழக்கம். நடப்பவர்களுக்கு அது சரி. கோடை விடுமுறையில் ஒற்றை அறை வீட்டில் அடைந்து கிடக்கும் குழந்தைக்கு மதியம் மர நிழல்தான் வேண்டும். மரம் உள்ள பூங்கா பகல் முழுக்கத் திறந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பாத்ரூமும் குடிநீரும். குழந்தையோடு கிளம்பும் அம்மாக்களின் முதல் கேள்வி "அங்க பாத்ரூம் இருக்கா?" என்பதுதான். இல்லையென்றால் இரண்டு மணி நேரத்தில் வீடு திரும்ப வேண்டும், அல்லது காசு கொடுத்து ஏதோ ஓட்டலில் உட்கார வேண்டும். பாட்டில் தண்ணீர் வாங்க வைக்கும் பூங்கா இலவசப் பூங்கா ஆகாது.

மூன்றாவது, பலகை. 'புல் மேல் நடக்காதே', 'பந்து விளையாடத் தடை'. குழந்தைகளுக்கான இடத்தில் குழந்தை செய்யும் எல்லாவற்றுக்கும் தடை. பூச்செடிகளுக்கு ஒரு பகுதி, ஓடுவதற்கு ஒரு பகுதி என்று பிரித்தால் சண்டை தீரும். நடக்க வரும் பெரியவரும் தம்பி, தங்கச்சிகளும் ஒரே இடத்தைப் பங்கிட்டுக்கொள்ள முடியும்.

நாலாவது, கட்டணம். பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்பது உண்மை. ஜிப்லைனுக்கும் படகுக்கும் காசு வாங்கட்டும். ஆனால் மரத்தடியில் உட்காரவும் புல்லில் ஓடவும் விலை வைக்கக் கூடாது. வாரத்தில் ஒரு நாளாவது, அல்லது அரசுப் பள்ளி அடையாள அட்டை காட்டும் பிள்ளைகளுக்காவது, பெரிய பூங்காக்களின் நுழைவை இலவசமாக்கலாம். பொதுப்பணத்தில் கட்டியதைப் பார்க்க முடியாமல் ஒரு குழந்தை வாசலோடு திரும்பக் கூடாது.

கேட்க வேண்டிய இடமும் இருக்கிறது. ஊஞ்சல் உடைந்திருந்தால், விளக்கு எரியவில்லை என்றால், கேட் பூட்டியே கிடந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்யலாம். வார்டு அளவில் 2022-இலிருந்து ஏரியா சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அங்கே சாலை, சாக்கடை பற்றித்தான் பேச்சு வரும். "எங்க தெருவுல இருந்து குழந்தை தனியா நடந்து போற தூரத்துல ஒரு பூங்கா வேணும்" என்று ஒருவர் எழுந்து சொன்னால் அது மினிட்ஸில் ஏறும்.

ஒரு புதிய பூங்கா திறக்கும்போது எத்தனை கோடி, எத்தனை ஏக்கர் என்று அறிவிக்கிறார்கள். அதோடு இன்னொரு எண்ணையும் சேர்த்து அறிவிக்கட்டும்: நாலு பேர் குடும்பம் பஸ்ஸில் வந்து, அரை நாள் இருந்து, திரும்பிப் போக எவ்வளவு ஆகும்? அந்த எண் ஒரு நாள் கூலியைத் தாண்டினால், எத்தனை கோடியில் கட்டினாலும் அது சிலருக்கான பூங்காதான்.